வானொலிப் பெட்டிக்கு இத்தனைக் குமிழ்கள் எதற்கு?

நம் வயதுக்காரர்களுக்கு ரேடியோ என்றால் இரண்டு குமிழ்தான். இடப்பக்கத்துக் குமிழைத் திருகினால் 'டிக்' என்று உயிர் வரும். இன்னும் திருகினால் சத்தம் கூடும். வலப்பக்கத்துக் குமிழைத் திருகினால் கண்ணாடிக்குப் பின்னால் முள் நகரும். கொஞ்சம் வசதியான வீடென்றால் பேண்ட் மாற்ற மூன்றாவது குமிழ் ஒன்று இருக்கும். இதற்கு ஆண்டுதோறும் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் வேறு கட்டினோம். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஹாம் ரேடியோக்காரர்களின் பெட்டி அப்படி இல்லை. அதன் முகத்தைப் பார்த்தால் விமானம் ஓட்டுகிறவனின் அறை மாதிரி இருக்கும். நடுவில் இட்லித் தட்டுக் குழி அளவில் பெரிய குமிழ் ஒன்று. அதைச் சுற்றிச் சின்னக் குமிழ்கள், குமிழுக்குள் குமிழ், அமுக்கும் பொத்தான்கள், ஆடுகிற முள். ஹாம் என்றால் யார் என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி: அரசாங்கத்தின் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக் குறியோடு, வியாபார நோக்கமில்லாமல் வானொலி வழியே மற்றவர்களோடு பேசுகிறவர். அவர் வைத்திருக்கும் பெட்டி கேட்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். ஆங்கிலத்தில் ட்ரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஒட்டவைத்து 'ட்ரான்சீவர்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எதையும் சுருக்க மனமில்லாமல் 'எமெத்தர்-ரெசெப்தர்' என்று முழுதாகவே சொல்வார்கள்.

இந்தப் பெட்டியின் முகத்தை நான் ஒரு பழைய அலுவலகக் கோப்பாகத்தான் பார்க்கிறேன். கோப்பில் ஒவ்வொரு தாளும் ஏதோ ஒரு காலத்தில் வந்த ஒரு சிக்கலுக்காகச் சேர்த்தது. சிக்கல் தீர்ந்த பிறகும் தாளை எடுக்க யாருக்கும் துணிவு வராது. குமிழ்களும் அப்படியே. எது எப்போது, எந்தத் தொல்லைக்காக வந்தது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

ஆரம்பத்தில் ஒரே பெட்டி என்பதே கிடையாது. அனுப்புவது ஒரு கருவி, கேட்பது வேறொரு கருவி. அனுப்பும் கருவியில் தீப்பொறி பறக்கும். அதை மோர்ஸ் சாவியால் விட்டுவிட்டு அமுக்கினால் செய்தி. ஆன்டெனா ஒன்றுதான். ஆகவே மேசையின் நடுவில் கத்தி போன்ற ஒரு பெரிய சுவிட்ச். மேலே தள்ளினால் ஆன்டெனா அனுப்பும் கருவிக்குப் போகும், கீழே தள்ளினால் கேட்கும் கருவிக்கு வரும். இன்று மைக்கின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அமுக்குகிறார்களே ஒரு பொத்தான், அது அந்தக் கத்தி சுவிட்சின் பேத்தி.

1912ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவான அலைநீளங்களுக்கும் ஒதுக்கித் தள்ளியது. அந்தச் சிற்றலைகள் தூரம் போகாது, ஒன்றுக்கும் உதவாது என்பது அன்றைய நிபுணர்களின் எண்ணம். உதவாத புறம்போக்கு நிலத்தைக் கொடுத்து ஆளை அனுப்பிவிடுவது போல. அந்தப் புறம்போக்கில்தான் புதையல் இருந்தது.

இங்கே பிரான்ஸ் வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வானொலியை 'தே-எஸ்-எஃப்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், 'கம்பியில்லாத் தந்தி' என்பதன் சுருக்கம். பாரீசின் ஈபெல் கோபுரத்துக்கு அனுமதி 20 ஆண்டுகளுக்குத்தான், 1909 வரை. அது தப்பி நின்றதற்குப் பெரிய காரணம் குஸ்தாவ் ஃபெரியே என்ற ராணுவ அதிகாரி அதன் உச்சியில் கட்டிய தே-எஸ்-எஃப் கம்பிகள். முதல் உலகப்போரில் இந்த ஃபெரியேயின் ஆட்கள் உருவாக்கிய 'தே-எம்' என்ற வால்வு ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் உள்கம்பி மின்விளக்கு போலவே பளிச்சென்று எரியும். அந்த வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் பெட்டியின் முகத்தில் ஒரு குமிழ் வேண்டும். அதிகம் திருகினால் வால்வு போய்விடும். இன்று எந்தப் பெட்டியிலும் அந்தக் குமிழ் இல்லை. கோப்பிலிருந்து கிழித்து எறியப்பட்ட ஒரு சில தாள்களில் அது ஒன்று.

இன்னொரு குமிழுக்கு பிரெஞ்சில் 'ரெயாக்ஸியோன்' என்று பெயர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவனாக இருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1912ல் கண்ட வித்தை இது: வால்வில் பெருகி வெளிவரும் அலையில் கொஞ்சத்தை மறுபடி அதன் வாயிலேயே ஊட்டினால் இன்னும் பல மடங்கு பெருகும். அளவு மீறினால் பெட்டி ஊளையிடும். ஊளைக்கு ஒரு மயிரிழை முன்னால் குமிழை நிறுத்தினால் கடல் கடந்த சத்தமும் கேட்கும். தாளித்த எண்ணெய் புகையும் முன் கடுகைப் போடுகிற பக்குவம்தான். அந்தக் கால ஆபரேட்டர்களுக்கு விரல் நுனியில் காது இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இப்படிப்பட்ட கருவிகளோடு நீஸ் நகரத்திலிருந்த லெயோன் தெலுவா என்பவர், 8ஏபி என்பது அவர் குறி, அட்லாண்டிக்கைத் தாண்டிப் பேச முடிவு செய்தார். அமெரிக்காவுக்கே போய் அங்குள்ளவர்களின் முறைகளைப் பார்த்துவிட்டு வந்தார். இந்த நாளிலிருந்து, இந்த மணிக்கு, ஏறக்குறைய 100 மீட்டரில் அனுப்புவேன் என்று முன்கூட்டியே கடலடித் தந்தி கொடுத்தார். 1923 நவம்பர் 28ம் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெட் ஷ்னெல் அவருக்குப் பதில் சொன்னார். ஜான் ரைனார்ட்ஸும் சேர்ந்துகொண்டார். கடலின் இரு கரையிலும் இருந்த அமெச்சூர்கள் இரு வழியாகப் பேசிக்கொண்டது அதுவே முதல் முறை. நிபுணர்கள் உதவாது என்று தள்ளிய அலைதான் கடலைத் தாண்டியது. அடுத்த ஒன்றரை ஆண்டில், 1925 ஏப்ரல் 18ம் தேதி, பாரீசில் கூடி உலக அமெச்சூர் வானொலி ஒன்றியத்தை அமைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்றும் ஹாம்கள் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டிலும் அதே காலம்தான். கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து 1921லேயே 2ஜேகே என்ற குறியோடு இயங்கியிருக்கிறார்.

தெலுவா தந்தி கொடுத்தாரே, அதைக் கவனியுங்கள். எங்கே தேடுவது என்று சொல்லாவிட்டால் எதிராளி கண்டுபிடிக்க மாட்டார். 1920களில் வந்த நல்ல ரிசீவர்களில் டியூன் செய்ய ஒன்றல்ல, மூன்று டயல்கள். மூன்றும் தனித்தனியாகத் திருகி ஒரே இடத்தில் பொருந்த வேண்டும். கெட்டிக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று எண்களை எழுதிவைத்துக்கொள்வார்கள். நம் வீட்டு ரேடியோவின் ஒற்றைக் குமிழ் எவ்வளவு பெரிய கருணை என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அந்தக் கருணைக்குக் காரணம் 'சூப்பர்ஹெட்' என்ற அமைப்பு. வருகிற அலை எந்த இடத்தில் வந்தாலும், பெட்டிக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி அதோடு கலந்து, எப்போதும் ஒரே நிலையான அலையாக மாற்றிவிடுவது. அந்த ஒரே அலையை மட்டும் நன்றாக வடிகட்டிப் பெருக்குவது. வடிகட்டியை ஒரு முறை செட் செய்துவிட்டால் போதும். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று அமெரிக்கப் புத்தகம் எதைப் புரட்டினாலும் அதே ஆர்ம்ஸ்ட்ராங், 1918, என்று இருக்கும். அவர் அப்போது அமெரிக்க ராணுவத்துக்காக பாரீசில்தான் இருந்தார். ஆனால் லூசியன் லெவி என்ற பிரெஞ்சுக்காரர் 1917லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். வழக்கு நடந்து, அமெரிக்காவிலேயே ஆர்ம்ஸ்ட்ராங்கின் உரிமைகள் பறிபோயின, ஒரு பங்கு லெவிக்கு வந்தது. நான் படித்த பள்ளியின் பழக்கத்தால் நான் லெவி பக்கம் சாய்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் நம் நாட்டில் உரிமங்கள் ரத்து. போருக்குப் பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. அப்போதும் மேசையில் இரண்டு பெட்டிகள்: இது அனுப்ப, அது கேட்க. அனுப்பும் பெட்டியில் பெரும்பாலும் ஒரு குவார்ட்ஸ் கல். கல் எந்த அலைவரிசையோ அதில்தான் அனுப்ப முடியும். ஒருவர் தன் கல்லில் 'யாராவது இருக்கிறீர்களா' என்று கூப்பிடுவார். பதில் சொல்கிறவர் அவர் கல்லில்தானே சொல்வார்? ஆகவே கூப்பிட்டுவிட்டு, ரிசீவரின் டயலைப் பேண்ட் முழுக்க மெல்ல நகர்த்தி, நமக்குப் பதில் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பேசுவது ஓரிடம், கேட்பது வேறோரிடம். எதிரெதிர் வீட்டு மாடியில் நின்று வேறு வேறு சன்னல் வழியாகப் பேசுவது மாதிரி.

பிறகு அலைவரிசையை நகர்த்தும் வசதி அனுப்பும் பெட்டிக்கும் வந்தது. ஆனாலும் நம் அலையை எதிராளி அலையின் மேல் சரியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இரண்டு அலைகள் நெருங்கும்போது ரிசீவரில் ஒரு சீட்டி கேட்கும். நெருங்க நெருங்கச் சீட்டி தடித்து, ஆழமாகி, கடைசியில் அடங்கிப்போகும். அடங்கிய இடம்தான் சரியான இடம். 'ஜீரோ பீட்' என்பார்கள். ஒவ்வொரு தடவையும் இந்தச் சடங்கு.

1957ல் அமெரிக்காவின் காலின்ஸ் கம்பெனி கே.டபிள்யூ.எம்.-1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. வீட்டிலும் வைக்கலாம், காரிலும் வைக்கலாம். அதில் செய்தது கேட்டால் எளிது: ரிசீவரில் அலைவரிசையைத் தீர்மானிக்கிற அதே உறுப்புகளை அனுப்பும்போதும் பயன்படுத்தினார்கள். வடிகட்டியும் ஒன்றே, பெரிய குமிழும் ஒன்றே. விலையும் எடையும் இடமும் மிச்சம். ஆனால் உண்மையான லாபம் வேறு. எதிராளி குரல் தெளிவாகக் கேட்கும்படி குமிழை வைத்தால், நம் குரலும் தானாக அவர் இருக்கும் இடத்துக்கே போய்விடும். தேடல் போயிற்று, சீட்டி போயிற்று. நன்றாகக் கேட்டாலே சரியாகப் பேசியதாகிவிடும். சிற்றலையில் அமெச்சூர்கள் இன்று பேசும் முறை இந்த ஒரு மாற்றத்திலிருந்து வந்தது என்பது என் கருத்து.

இந்த மாற்றம் எஸ்.எஸ்.பி. என்ற ஒற்றைப் பக்கப் பேச்சு முறைக்கு மிகவும் தேவைப்பட்டது. சாதாரண ஒலிபரப்பில் ஒரு சுமக்கும் அலையும், அதன் இரு பக்கத்திலும் குரலின் இரண்டு நகல்களும் போகின்றன. மூன்று பிரதியில் கடிதம் அனுப்புவது போல. ஒரு நகல் மட்டும் போதும் என்று ஜான் கார்சன் 1915லேயே காட்டிவிட்டார். மற்றதையெல்லாம் வெட்டிவிட்டால் மின்சக்தி முழுதும் அந்த ஒரு நகலுக்கே கிடைக்கும். ஆனால் ஒரு சங்கடம்: சுமக்கும் அலையை அனுப்புமிடத்தில் வெட்டிவிட்டதால் கேட்குமிடத்தில் பெட்டியே அதைத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். போடுகிற இடம் கொஞ்சம் தவறினால் நல்ல ஆண்குரல் வாத்து கத்துவது போல ஆகிவிடும், அல்லது கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது போல. 'மோடு' குமிழில் யூ.எஸ்.பி., எல்.எஸ்.பி. என்று இருப்பது எந்தப் பக்க நகல் என்பதற்குத்தான். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மேல்பக்கம், கீழே கீழ்ப்பக்கம் என்பது வழக்கம். மாற்றி வைத்தால் எவ்வளவு திருகினாலும் ஒரு சொல்லும் புரியாது.

ஒரு பெட்டி, ஒரு குமிழ் என்று வந்ததும் ஒரு புதுத் தொல்லை. வால்வு சூடேறச் சூடேற அலைவரிசை கொஞ்சம் நகரும். மூன்று பேர் ஒரே இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் ஒருவர் பெட்டி நகர்ந்துவிட்டது, அவர் குரல் வாத்தாகிறது. அவரைச் சரிசெய்ய நான் பெரிய குமிழைத் தொட்டால் என் குரலும் சேர்ந்து நகரும். உடனே மூன்றாமவருக்கு நான் வாத்து. அவர் என்னைச் சரிசெய்யத் தன் குமிழைத் திருகுவார். இப்படியே ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஊர்வலமாகப் பேண்டில் ஊர்ந்து போய், பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் மடியில் விழுவார்கள்.

அதற்காக வந்தது ஆர்.ஐ.டி. என்ற சின்னக் குமிழ். ஜப்பானின் யேசு கம்பெனி இதையே 'கிளாரிஃபையர்' என்கிறது. இது கேட்கும் இடத்தை மட்டும் இம்மியளவு நகர்த்தும். அனுப்பும் இடத்தைத் தொடாது. பெரிய குமிழ் நாம் நிற்கும் இடம் என்றால் இது தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பது. புதியவர்கள் சிக்கிக்கொள்வதும் இதில்தான். நேற்று திருகியதை நடுவுக்குத் திருப்பாமல் விட்டுவிட்டு, இன்று யார் குரலைக் கேட்டுப் பதில் சொன்னாலும் தள்ளிப்போய் விழுகிறது. பெட்டி கெட்டுவிட்டது என்று பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு.

எங்கள் அலுவலகத்தில் பக்கத்துப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் எண்பதுகளில் உரிமம் வாங்கினார். அப்போது பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியே வியூ2ஆர்ஜி என்ற குறி உள்ள ஹாம் என்பதில் அவருக்குப் பெருமை. பாதி வால்வு, பாதி ட்ரான்சிஸ்டராக எழுபதுகளின் யேசு எஃப்.டி.-101 பெட்டி ஒன்று, கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் அவர் மனைவி காபி கொடுப்பார், இவர் 'உக்காருங்க சார், சத்தம் போடாதீங்க' என்பார்.

அந்தப் பெட்டியில் பேண்ட் மாற்றினால் உடனே பேச முடியாது. முதலில் ப்ரீசெலக்ட் குமிழைத் திருகி இரைச்சல் உச்சமாகும் இடத்தில் வைக்க வேண்டும். பிறகு பிளேட், லோடு என்ற இரண்டு குமிழ்கள். அனுப்பும் வால்வுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் இரண்டு கண்டென்சர்கள். அவற்றின் கைப்பிடிதான் இவை. சாவியை அமுக்கினால் வால்வு இழுக்கும் கரண்டைக் காட்டும் முள் ஏறும். பிளேட்டைத் திருகும்போது ஓரிடத்தில் முள் சட்டென்று பள்ளத்தில் இறங்கி எழும். பள்ளத்தின் அடியில் நிறுத்த வேண்டும். அங்கேதான் வால்வும் சுற்றும் ஒத்துப்போகின்றன. லோடைக் கொஞ்சம் கூட்டினால் சக்தி ஆன்டெனாவுக்குக் கூடப் போகும், பள்ளமும் நகர்ந்துவிடும். மறுபடி பிளேட். மறுபடி லோடு. எல்லாம் பத்து வினாடிக்குள். தாண்டினால் வால்வின் தகடு சிவக்கத் தொடங்கும். நண்பர் பத்து வினாடி செய்வார், கையை எடுத்துவிட்டு வால்வு ஆறக் காத்திருப்பார், மறுபடி செய்வார். அனுப்பும் முனையிலும் ட்ரான்சிஸ்டர் வந்தபோது இந்த இரண்டு குமிழ்களும் மறைந்தன. சிரமம் குறைந்தது, சரி. ஆனால் ஆன்டெனாவில் கோளாறு என்றால் அந்தப் பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்தே நண்பர் சொல்லிவிடுவார். ட்யூனர் பொத்தானை அமுக்குகிறவருக்கு அது தெரியாது.

அவர் எனக்குக் காட்டிய இன்னொன்று ஆர்.எஃப். கெயின். இதைக் குறைத்தால் வரும் அலைகளின் பலம் குறையும். ஆனால் பெட்டியின் எஸ்-மீட்டர் முள்ளோ மேலே ஏறும்! பலம் குறையக் குறைய முள் ஏறுவது என்ன நியாயம்? விஷயம் இதுதான்: பலமான குரல் வந்தால் பெட்டி தானே தன் காதைக் கொஞ்சம் பொத்திக்கொள்ளும், எவ்வளவு பொத்தியது என்பதைத்தான் முள் காட்டுகிறது. நாம் குமிழால் பொத்தினாலும் முள்ளுக்கு வித்தியாசம் தெரியாது. இரைச்சல் மிகுந்த இரவுகளில் அனுபவசாலிகள் சத்தத்தைக் குறைக்காமல் இந்தக் குமிழைத்தான் குறைப்பார்கள். இரைச்சல் பின்னால் போய்விடும், குரல் மட்டும் முன்னால் நிற்கும். 'சார், மைக் கையில இருக்குறவன் ஹாம் இல்ல, காது இருக்குறவன்தான் ஹாம்' என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

எஸ்-மீட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. 1934ல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்கர் குரலின் தெளிவுக்கு 5 வரை, பலத்துக்கு 9 வரை மதிப்பெண் போடும் முறையை வகுத்தார். அருமையான முறை. இன்று அவசரத்தில் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் 59 போட்டுவிட்டு, 'பேரைத் திரும்பச் சொல்லுங்கள், கேட்கவில்லை' என்கிறார்கள். எங்கள் அலுவலகத்து ரகசிய அறிக்கையில் எல்லாருக்கும் 'மிக நன்று' எழுதியது ஞாபகம் வருகிறது.

உலக அரசியலே ஒரு குமிழாக வந்த கதையும் உண்டு. நாய்ஸ் பிளாங்கர் முதலில் கார் என்ஜினின் பொறிச் சத்தத்தை அடக்க வந்தது. 1976ல் சிற்றலை முழுக்க 'டக் டக் டக்' என்று விநாடிக்குப் பத்து முறை ஒரு தட்டல் கேட்க ஆரம்பித்தது. மரங்கொத்தி என்று பேர் வைத்தார்கள். சோவியத் யூனியன் ஏவுகணைகளைக் கண்காணிக்க வைத்த ராட்சத ரேடார் அது. அதில் ஒன்று செர்னோபிலுக்குப் பக்கத்தில். கார் பொறியை அடக்குகிற பிளாங்கர் இந்த அகலமான தட்டலுக்குப் போதவில்லை. ஜப்பானியர்கள் சளைக்காமல் மரங்கொத்திக்கென்றே இரண்டாவது பிளாங்கர் ஒன்றைப் பெட்டியில் சேர்த்தார்கள். 1989 இறுதியில் தட்டல் நின்றது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பொத்தான் இன்னும் இருக்கிறது, கொத்த மரங்கொத்திதான் இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். மைக் கெயின்: நம் குரலின் அளவு. ஏ.எல்.சி. என்ற முள் எல்லையைத் தாண்டாமல் வைத்தால் போதும். மேடைப் பேச்சு மாதிரி கத்தினால் அக்கம்பக்கத்து அலைவரிசையெல்லாம் கெடும், எதிராளிக்கு ஒன்றும் கூடக் கேட்காது. வாக்ஸ்: பொத்தான் அமுக்காமல் குரல் வந்ததும் தானே அனுப்பத் தொடங்கும், வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அதையும் அனுப்பும். நாட்ச்: ஒற்றைச் சீட்டியை மட்டும் வெட்டும் கத்தி. ஸ்குவெல்ச்: எஃப்.எம்.மில் யாரும் பேசாதபோது இரைச்சலை அடைக்கும் கதவு. அதிகம் அடைத்தால் தூரத்துக் குரலும் வெளியே நின்றுவிடும்.

இத்தனையும் வேண்டாம் என்று காட்டியவரும் நம் நாட்டவரே. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற பெட்டியை வடிவமைத்து, வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் உதிரிகளால் கட்டலாம். ஒரு பேண்ட், சில வாட். முகத்தில் அலைவரிசைக்கும் சத்தத்துக்கும் மட்டும் குமிழ்கள். அதை வைத்துக்கொண்டு கடல் கடந்து பேசுகிறார்கள்.

கடைசியாக 'ஸ்ப்ளிட்' என்ற பொத்தான். காலின்ஸ் பெட்டி ஒன்றாக்கியதை இது மறுபடி பிரிக்கிறது: ஓரிடத்தில் பேசி, கொஞ்சம் மேலே வேறோரிடத்தில் கேட்பது. ஹாம்களில் பலர் புதுப்புது நாடுகளோடு பேசிக் கணக்குச் சேர்ப்பவர்கள். அவர்களின் நாட்டுப் பட்டியல் ஐ.நா. பட்டியல் அல்ல, தனித்து நிற்கும் தீவும் அதில் ஒரு நாடு. அரிய இடத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தால் உலகமே ஒரே நேரத்தில் அவர் மேல் விழும். எல்லாரும் அவர் இருக்கும் அலைவரிசையிலேயே கூப்பிட்டால் அவர் குரலை யாரும் கேட்க முடியாது. அதனால் 'நான் இங்கே பேசுகிறேன், நீங்கள் ஐந்து மேலே கூப்பிடுங்கள்' என்பார். கும்பல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

அந்தப் பட்டியலில் நம் ஊரும் ஒரு தனி நாடாக இருந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 'பிரெஞ்சிந்தியா', குறி எஃப்என்8. 1954 அக்டோபர் 31 வரை பேசியிருந்தால் கணக்கு. நவம்பர் 1ம் தேதி கொடி மாறிய நாளிலிருந்து 'நீக்கப்பட்டவை' என்ற பட்டியலில் இருக்கிறது.

அந்தமானும் அப்படி ஓர் அரிய நாடு. குறி வியூ4. பல ஆண்டுகள் அங்கிருந்து யாருக்கும் அனுமதியில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமையில் ஒரு குழு அரசின் அனுமதி பெற்று போர்ட் பிளேர் ஹோட்டல் ஒன்றிலிருந்து இயங்கியது. உலகம் முழுக்க அவர் குரலுக்காகக் காத்துக் கிடந்தது. 26ம் தேதி காலை நிலம் குலுங்கியது, பிறகு கடல் வந்தது. அதே கடல் அன்று நம் கரையையும் காரைக்காலையும் அடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீவுகளில் தொலைபேசி செத்துப்போயிற்று. பாரதி நாடு சேர்க்கும் ஆட்டத்தை நிறுத்தினார். பெட்டியைப் பாதுகாப்பான இடத்தில் மறுபடி நிறுவி, பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையே செய்தி அனுப்பத் தொடங்கினார்.

முந்தின நாள்வரை ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கத்தியவர்களை அமைதியாக்க அந்தப் பெட்டியில் குமிழ் எதுவும் கிடையாது. அவர்கள்தான் வாயை மூட வேண்டும். அதன் பிறகு அந்தப் பெட்டி வழியாகப் போனவை சின்னச் சின்னச் செய்திகள். ஒரு பெயர், ஒரு ஊர், இவர் நலமாக இருக்கிறார் என்ற ஒரு வரி. எழுத்தெழுத்தாகச் சொல்லி, மறுமுனையில் எழுதிக்கொண்டவர் திருப்பிப் படித்துக் காட்டி, பிறகு அடுத்த பெயர்.